பி.ஆர். இன்டர்ன்ஷிப்: ஜூனியர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

மாஸ் கம்யூனிகேஷன் படிக்கிறேன். போன விடுமுறையில் மூன்று மாதம் ஒரு மக்கள் தொடர்பு (பி.ஆர்.) ஏஜென்சியில் இன்டர்னாக இருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து ஜூனியர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஏஜென்சியின் பெயரும் கிளையன்ட்களின் பெயரும் இதில் வராது. ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போடாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பி.ஆர். என்பதும் விளம்பரம்தானே, பெயர்தானே வேறு?

இல்லை. விளம்பரத்தில் இடத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். என்ன வர வேண்டும், எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிதாக என்பதெல்லாம் நம் கையில். பி.ஆரில் நிருபரிடம் போய், "இது உங்கள் வாசகர்களுக்குத் தேவைப்படும்" என்று சொல்கிறோம். அவருக்கும் அப்படித் தோன்றினால் எழுதுவார். எழுதும்போது நம் கிளையன்ட்டின் போட்டி நிறுவனத்தையும் கூப்பிட்டு இரண்டு வரி கருத்து வாங்கிச் சேர்த்துவிடுவார். தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. விளம்பரத்தைவிடச் செய்தியை வாசகர் கொஞ்சம் கூடுதலாக நம்புவதே இதனால்தான்.

ஊடகத்தோடு நிற்கிற வேலையும் இல்லை. ஊழியர்களுக்குப் போகிற கடிதம், ஆண்டறிக்கை, தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களோடு நடக்கிற கூட்டம், நிர்வாக இயக்குநரின் மேடைப் பேச்சு எல்லாம் இதில் அடங்கும். எனக்கு வாய்த்தது ஊடகப் பக்கம். அதைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தெரியும்.

முதல் நாள் என்ன வேலை கொடுத்தார்கள்?

பேப்பர் படிக்கச் சொன்னார்கள். நிஜமாகவே அதுதான். காலை 7.30-க்கு உட்கார்ந்து நாளிதழ்களையும் செய்தித் தளங்களையும் புரட்டி, கிளையன்ட், போட்டியாளர்கள், அந்தத் துறை ஆகியவற்றைப் பற்றி வந்ததையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிச் சுருக்கம் எழுதி 9 மணிக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும். கத்தரித்து ஒட்டிய காலம் போய்விட்டது, பெயர் மட்டும் கிளிப்பிங் என்றே நின்றுவிட்டது.

முதல் வாரம் ஒரே சலிப்பு. இரண்டாவது வாரம் ஒரு செய்தியைத் தவறவிட்டேன். கிளையன்ட்டின் பெயரை ஒரு நாளிதழ் ஓர் எழுத்து மாற்றி அச்சிட்டிருந்தது. நான் தேடியதோ சரியான பெயரை மட்டும். கிளையன்ட்டே பார்த்துவிட்டு எங்களுக்கு அனுப்பினார். ஒரு ஏஜென்சிக்கு அதைவிட அவமானம் கிடையாது. அன்று மாலையே அந்தப் பெயரை எப்படியெல்லாம் தப்பாக எழுதலாம் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டேன். 11 விதம் வந்தது. மறுநாளிலிருந்து பதினொன்றையும் தேடினேன்.

மூன்றாவது வாரம் வாக்கில் இன்னொன்று நடந்தது. எந்த நிருபர் எதைப் பற்றி எழுதுவார், யார் புள்ளிவிவரத்தோடு ஆரம்பிப்பார், யார் ஒரு மனிதரைக் காட்டி ஆரம்பிப்பார் என்பதெல்லாம் பெயரைப் பார்த்ததுமே நினைவுக்கு வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் படித்ததில் தானாக ஏறிக்கொண்டது. பின்னால் நான் செய்த உருப்படியான வேலை எல்லாம் இதை வைத்துத்தான்.

பிரஸ் ரிலீஸ் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா?

பத்திரிகைகளுக்கு நாம் அனுப்பும் செய்திக் குறிப்புதான் பிரஸ் ரிலீஸ். அதை எழுதத் தெரிந்திருந்தால் நல்லது. தெரியும் என்று நினைத்துக்கொண்டு போனால் என் கதிதான்.

கிளையன்ட்களில் ஒருவர் காது கேட்கும் கருவி தயாரிப்பவர். புது மாடல் வருகிறது, ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள் என்றார் மேலாளர். நான் எழுதிய முதல் வாக்கியம் இது: "செவித்திறன் துறையில் முன்னணியில் திகழும் இந்நிறுவனம், தனது அதிநவீன, புரட்சிகரமான புதிய கருவியைப் பெருமகிழ்ச்சியுடன் அறிமுகப்படுத்துகிறது." பிரின்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் சிவப்புப் பேனாவால் 'முன்னணியில் திகழும்' என்பதை அடித்தார். 'அதிநவீன' போனது. 'புரட்சிகரமான' போனது. 'பெருமகிழ்ச்சியுடன்' என்பதை மட்டும் இரண்டு முறை அடித்தார். எலும்புக்கூடு மாதிரி ஒரு வாக்கியம் மிஞ்சியது.

"செய்தி எங்கம்மா இருக்கு?"

நான்காவது பத்தியைக் காட்டினேன். பேட்டரியைக் கழற்றி மாற்ற வேண்டாம், இரவில் அதற்கான பெட்டியில் வைத்தால் காலைக்குள் சார்ஜ் ஏறிவிடும் என்பது அங்கே பதுங்கிக் கிடந்தது.

"கை நடுங்குற வயசுல அந்தப் பொட்டு மாதிரி பேட்டரியக் கழட்டி மாத்துறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சீங்களா? அதுதான் செய்தி. மேல கொண்டுவாங்க."

நான்காவது டிராஃப்டில் தேறியது. 620 சொற்கள் 260 ஆகியிருந்தன.

அமைப்பைப் பொறுத்தவரை ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. தலைப்பு, ஊர், தேதி. முதல் பத்தியிலேயே யார், என்ன, எப்போது, எங்கே, ஏன். அப்புறம் விவரம், ஒரு மேற்கோள். கடைசியில் பாய்லர்பிளேட் எனப்படும் நிறுவன அறிமுகமும் தொடர்புக்கு ஒரு பெயரும் எண்ணும். ஆங்கில ரிலீஸ்களில் முடிந்தது என்று காட்ட மூன்று ஹாஷ் குறிகள் போடுவார்கள்; பழைய பழக்கத்தில் 30 என்று போடுகிறவர்களும் உண்டு. பக்கத்தில் இடமில்லை என்றால் பத்திரிகை அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் இருப்பவர் கீழிருந்து வெட்டுவார். அப்படி வெட்டினாலும் விஷயம் தப்பிக்க வேண்டும், அதற்காகத்தான் முக்கியமானது மேலே.

அந்த மேற்கோளைப் பற்றி ஒரு வார்த்தை. "இந்த முயற்சியில் பங்கேற்பதில் பெருமை கொள்கிறேன்" என்று நிர்வாக இயக்குநர் சொன்னதாக வருகிறதே, பெரும்பாலும் அவர் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார். ஏஜென்சியில் யாரோ எழுதி அவரிடம் அப்ரூவல் வாங்கியது. நானே நான்கு எழுதியிருக்கிறேன். ஒரே ஒருவர்தான் "நான் இப்படிப் பேச மாட்டேனே" என்று திருப்பி அனுப்பினார். அவர் தன் கைப்பட எழுதிக் கொடுத்த வரியைத்தான் எல்லாப் பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன.

பிரஸ் ரிலீஸின் பிறப்புக் கதையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இன்டர்வியூவில் கேட்கிறார்கள். 1906 அக்டோபர் 28-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனத்தின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீருக்குள் விழுந்து 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்து என்றால் ரயில் கம்பெனிகள் வாயைத் திறக்காத காலம் அது. கம்பெனியின் ஆலோசகராக இருந்த ஐவி லீ, நடந்ததைத் தாங்களே எழுதி நிருபர்களிடம் கொடுத்து, அவர்களை விபத்து நடந்த இடத்துக்கும் அழைத்துப்போக ஏற்பாடு செய்தார். நியூயார்க் டைம்ஸ் அந்த அறிக்கையை அப்படியே வெளியிட்டது. முதல் பிரஸ் ரிலீஸ் என்று பாடத்தில் சொல்வது இதைத்தான். அதில் யாரும் பெருமகிழ்ச்சி அடைந்திருக்க முடியாது என்பதை மேலாளர் எனக்கு நினைவூட்டினார்.

நிருபர்களுக்கு போன் செய்யச் சொல்வார்களா? எனக்கு நினைத்தாலே உதறுகிறது.

சொல்வார்கள். உதறும். எனக்கும் உதறியது.

முதல் பிட்ச், அதாவது நிருபரிடம் செய்தி யோசனையை எடுத்துச் சொல்வது, அந்தக் காது கருவிக்குத்தான். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். எதிர்முனையில் உடல்நலப் பக்கங்களுக்கு எழுதும் நிருபர். "சொல்லுங்க, ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றார். தாளில் இருந்ததை மூச்சுவிடாமல் படித்து முடித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்:

"சரிம்மா. இதுல என் வாசகருக்கு என்ன இருக்கு?"

தாளில் அதற்குப் பதில் இல்லை. "யோசிச்சுட்டு நாளைக்குக் கூப்பிடுங்க, காலைல" என்று வைத்துவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று ராத்திரி அவர் சமீபத்தில் எழுதிய பத்துப் பதினைந்து கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். மூன்று கட்டுரைகள் தனியாக வாழும் முதியவர்களைப் பற்றி. மறுநாள் கருவியைப் பற்றி நான் பேசவே இல்லை. கருவியை வாங்கிவிட்டு, பேட்டரி மாற்ற முடியாமல் மேசைக்குள் போட்டுவைக்கிற முதியவர்களைப் பற்றிப் பேசினேன். இதைத் தினமும் பார்க்கிற ஒரு செவித்திறன் நிபுணரிடம் பேச வைக்க முடியும் என்றேன். மூன்று வாரம் கழித்து கட்டுரை வந்தது. அதில் எங்கள் கிளையன்ட்டுக்கு ஒரே ஒரு வரி. கிளையன்ட்டுக்கு அது குறைவாகத் தெரிந்தது. எனக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

செய்யக் கூடாதவை இரண்டு. நாளிதழ் நிருபர்களைச் சாயங்காலம் கூப்பிடாதீர்கள், டெட்லைன் நேரம். "மெயில் வந்துச்சா?" என்று கேட்பதற்காக மட்டும் எப்போதுமே கூப்பிடாதீர்கள். வந்திருக்கும். சொல்லப் புதிதாக ஏதாவது இருந்தால் மட்டும் ஃபாலோ-அப்.

மீடியா லிஸ்ட் என்கிறார்களே, அது என்ன?

எக்செல் ஷீட். பெயர், பத்திரிகை, எந்தத் துறைக்கு எழுதுகிறார், மெயில், போன், கடைசியாக எப்போது பேசினோம். ஏஜென்சியின் சொத்தே அதுதான், ஆனால் அதைப் புதுப்பிக்கிற வேலை இன்டர்ன் தலையில்தான் விழும். எனக்குக் கிடைத்த ஷீட்டில் வேலையை விட்டுப் போனவர்கள் இருந்தார்கள், துறை மாறியவர்கள் இருந்தார்கள், இறந்துபோன ஒருவரும் இருந்தார். அவருக்கு அந்த மாதம்வரை ரிலீஸ் போய்க்கொண்டிருந்தது.

பெரிய தப்பு ஏதாவது செய்தீர்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்று தெரியும். சொல்கிறேன்.

ஆறாவது வாரம். ஒரு ரிலீஸை 61 நிருபர்களுக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத பிசிசி பெட்டியில் போட வேண்டிய முகவரிகளை 'டு' பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் மற்ற அறுபது பேரின் முகவரியும் போய்விட்டது. அனுப்பிய அடுத்த நொடி ஸ்கிரீனில் நீளமாகப் பெயர்கள் தெரிந்தபோது வயிற்றைப் பிசைந்தது. நான்கு நிமிடத்தில் முதல் பதில் வந்தது, அதுவும் எல்லோருக்குமாக: "61 பேருக்கும் போன செய்தியை நான் எதற்காக எழுத வேண்டும்?"

மேலாளரிடம் ஓடினேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "மறுபடி அந்தக் கூட்டத்துக்கே ஒரு ஸாரி மெயில் போட்டுடாதீங்க, அது இன்னும் மோசம்" என்பதுதான் அவர் முதலில் சொன்னது. தனித்தனியாக, பெயர் சொல்லி, மூன்றே வரியில் 61 மன்னிப்பு மெயில்களை நானே எழுதினேன். மதியம் 2 மணிக்கு ஆரம்பித்தது, முடிக்கும்போது விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் பதில் போட்டார்கள். ஒருவர் தானும் அதே தப்பைச் செய்திருப்பதாக எழுதியிருந்தார். இரண்டு பேர் லிஸ்ட்டிலிருந்து தங்களை நீக்கச் சொன்னார்கள், நீக்கினோம்.

எனக்கு உறைத்தது அந்த முதல் பதில்தான். பிசிசியில் ஒழுங்காகப் போட்டிருந்தாலும் அந்தக் கேள்வி நியாயமானதுதானே? 61 பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டு, அது தெரியாமல் மறைப்பதைத்தான் நான் சரியாகச் செய்யத் தவறியிருந்தேன். அதற்கப்புறம் மொத்த மெயிலைக் குறைத்து, எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து எட்டு விதமாக எழுத ஆரம்பித்தேன். கவரேஜ், அதாவது பத்திரிகைகளில் செய்தி வருவது, ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எம்பார்கோ, ஆஃப் த ரெகார்டு எல்லாம் சட்டமா?

சட்டமில்லை, இருவரும் பேசி ஒத்துக்கொள்வது. குறிப்பிட்ட நாள், நேரம் வரை வெளியிடாதீர்கள் என்று சொல்லி முன்கூட்டியே செய்தியைக் கொடுப்பது எம்பார்கோ. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். கேட்காமல் அனுப்பிவிட்டு மேலே பெரிய எழுத்தில் எம்பார்கோ என்று போட்டால் அவரை அது கட்டுப்படுத்தாது. வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு பேசுகிற ஆஃப் த ரெகார்டும் அப்படியே. பேசுவதற்கு முன் இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கொட்டித் தீர்த்துவிட்டு "இதைப் போட்டுடாதீங்க" என்றால் போடாமல் விடுவது அவருடைய பெருந்தன்மை, அவ்வளவுதான்.

பிரஸ் மீட்டில் இன்டர்னுக்கு என்ன வேலை?

மைக் வேலை செய்கிறதா என்று மூன்று முறை பார்ப்பது. பெயர்ப் பலகையில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான்கு முறை பார்ப்பது. வாசலில் வருகைப் பதிவு. கேமராக்காரர்களுக்கு மறைக்காத இடத்தில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பது. மேடையில் நடந்ததில் எனக்கு ஒன்றுமே நினைவில்லை.

ஏதாவது நெருக்கடி வந்ததா?

ஒன்று வந்தது. எப்போதும் போல வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வந்தது. (நெருக்கடிகளுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியும் போல.) இன்னொரு கிளையன்ட்டின் கருவி சார்ஜ் ஏறும்போது புகைவது மாதிரி ஒரு வீடியோ பரவ ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் போன் விடாமல் அடித்தது.

எனக்குக் கொடுத்த வேலை ஒரு நோட்டு. யார் கூப்பிட்டார், எத்தனை மணிக்கு, என்ன கேட்டார், எத்தனை மணிக்குள் பதில் வேண்டும். கருத்து எதுவும் சொல்லக் கூடாது. "விவரம் கேட்டு 7 மணிக்குள் திரும்பக் கூப்பிடுகிறோம்" என்று மட்டும் சொல்லலாம், சொன்னால் கூப்பிட்டே ஆக வேண்டும். அதற்குள் மேலாளரும் கிளையன்ட்டும் ஹோல்டிங் ஸ்டேட்மென்ட் தயார் செய்தார்கள். முழு விவரம் கிடைக்கும்வரை தாங்குவதற்கான நான்கைந்து வரி அறிக்கை அது. வீடியோவைப் பார்த்தோம், அதை எடுத்தவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம், காரணம் இன்னும் தெரியவில்லை, தெரியும்வரை இந்த மாடலை யாரும் சார்ஜ் செய்ய வேண்டாம், அடுத்த தகவல் நாளைக் காலை 10 மணிக்கு. கிளையன்ட்டின் ஆட்கள் "காரணம் இன்னும் தெரியவில்லை" என்ற வரியை எடுக்கச் சொன்னார்கள். மேலாளர் மறுத்துவிட்டார். முக்கால் மணி நேரம் அந்த ஒரு வரிக்காக வாதம் நடந்தது. கடைசியில் வரி நின்றது.

வகுப்பில் நெருக்கடி மேலாண்மை என்றாலே 1982-ல் நடந்த டைலனால் வலிநிவாரணி மாத்திரைக் கதைதான். சிகாகோ பகுதியில் யாரோ மாத்திரைகளில் சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. பிரித்தால் தெரிந்துவிடும்படியான புது அடைப்போடு மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. நல்ல பாடம்தான். என்னைக் கேட்டால் மறுபக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2010-ல் மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். எண்ணெய் கடலில் கலந்துகொண்டே இருந்தபோது, எண்ணெய் நிறுவனமான பி.பி.யின் தலைமை நிர்வாக அதிகாரி டோனி ஹேவர்ட் கேமரா முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதே மூச்சில் தன் பழைய வாழ்க்கை தனக்குத் திரும்ப வேண்டும் என்றார். மன்னிப்பு யாருக்கும் நினைவில் இல்லை.

எங்கள் வெள்ளிக்கிழமை விஷயத்தில் காரணம் என்ன என்று நான் இருந்தவரை தெரியவரவில்லை. 10 மணி என்று சொன்ன தகவல் 9.50-க்குப் போனது, அது மட்டும் தெரியும்.

பொய் சொல்ல வேண்டியிருக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

பொய் சொல்லவில்லை. ஒருமுறை கிளையன்ட் பக்கத்து ஆள் ஒருவர், வாடிக்கையாளர்கள் எழுதுவது மாதிரி பத்து நல்ல விமர்சனம் எழுதிப் போட முடியுமா என்று என்னிடமே நேராகக் கேட்டார். மேலாளரிடம் சொன்னேன். அவர் போனை எடுத்து இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதில் எனக்குச் சங்கடமே இல்லை.

சங்கடம் வேறு இடத்தில் வந்தது. ஒரு நிறுவனம் ஆயிரம் கருவிகளை இலவசமாகக் கொடுத்தது. கொடுத்தவை பழைய மாடல். புது மாடல் வருவதால் தேங்கிப்போனவை. நான் எழுதிய ரிலீஸில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, பழைய மாடல் என்பதும் இல்லை. சேர்க்கலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். "யாராவது கேட்டா மறைக்காம சொல்லுவோம்" என்றார். யாரும் கேட்கவில்லை. கருவி வாங்கிப்போனவர்களுக்கு அது பயன்பட்டிருக்கும் என்பதும் உண்மை. இதை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இந்தத் தொழிலின் வரலாற்றிலேயே அந்தக் கறை உண்டு. 1929-ல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிகரெட் பிடித்தபடி நடந்தார்கள். பெண் விடுதலையின் அடையாளமாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ், பணம் கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ என்ற சிகரெட் கம்பெனி. பெர்னேஸை இந்தத் துறையின் தந்தை என்று பாடத்தில் படிக்கிறோம். சமீபத்திய கதை வேண்டுமானால் 2017. பிரிட்டனின் பெல் பாட்டிங்கர் ஏஜென்சி தென்னாப்பிரிக்காவில் இனப் பகைமையைத் தூண்டும் விதமாகப் பிரசாரம் நடத்தியது என்று அவர்களுடைய தொழில் சங்கமே வெளியேற்றியது; கிளையன்ட்கள் விலக, சில நாளில் ஏஜென்சியே கவிழ்ந்தது.

சேரும் இடத்தில் முதல் வாரமே ஒன்றைக் கவனியுங்கள்: "வேண்டாம்" என்று கிளையன்ட்டிடம் சொல்லும் தைரியம் அங்கே யாருக்காவது இருக்கிறதா?

வேலை நன்றாக நடந்ததா என்பதை எப்படி அளக்கிறார்கள்?

நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். விளையாட்டில்லை. வந்த செய்தியின் நீள அகலத்தை சென்டிமீட்டரில் அளந்து, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவோ அதால் பெருக்கி, "இவ்வளவு மதிப்புள்ள கவரேஜ்" என்று ரிப்போர்ட்டில் போடுவது. விளம்பரத்துக்கு இணையான மதிப்பு என்ற பொருளில் ஏ.வி.இ. என்பார்கள். திட்டி எழுதிய செய்தியையும் இதே கணக்கில் சேர்த்தால் மதிப்பு கூடத்தான் செய்யும், அவ்வளவு அபத்தம். 2010-ல் பார்சிலோனாவில் கூடிய இத்துறையின் அளவீட்டு நிபுணர்கள், ஏ.வி.இ. மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று பார்சிலோனா கோட்பாடுகளில் தெளிவாகவே எழுதிவைத்தார்கள். அதைச் சொல்லிக்காட்டினேன். "எனக்கும் தெரியும்மா, கிளையன்ட்டோட நிதிப் பிரிவுக்கு அந்த நம்பர்தான் புரியுது" என்றார் மேலாளர். அளந்தேன்.

சம்பளம் தருவார்களா?

சில இடத்தில் உண்டு, சில இடத்தில் இல்லை. எனக்குப் போக்குவரத்துச் செலவு மட்டும் கிடைத்தது. எதுவானாலும் சேருவதற்கு முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்: எத்தனை மணி நேரம், யாருக்குக் கீழே, என்ன கற்றுக்கொடுப்பார்கள். அமெரிக்காவில் ஊதியம் இல்லாமல் வேலை பார்த்த இன்டர்ன்கள் ஒரு திரைப்பட நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டபோது, 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது. அந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பலன் அடைவது யார், மாணவரா நிறுவனமா? நீங்கள் இருப்பது எந்த நாடானாலும் மாதத்துக்கு ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ள உதவும் கேள்வி இது.

ஏஜென்சியா, ஒரு நிறுவனத்தின் பி.ஆர். பிரிவா?

ஏஜென்சியில் ஐந்தாறு கிளையன்ட், ஐந்தாறு துறை, ஓட்டம். நிறுவனத்துக்குள் ஒரே விஷயம், ஆனால் ஆழம். முதல் தடவைக்கு ஏஜென்சி என்பேன். நான் அங்கே இருந்ததால் சொல்கிறேன் என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏ.ஐ.யே ரிலீஸ் எழுதிவிடுமே, நாம் எதற்கு?

எழுதிவிடும். நான் முதலில் எழுதின மாதிரியே எழுதும், 'புரட்சிகரமான' உட்பட. நான்காவது பத்தியில் கிடக்கும் பேட்டரி விஷயத்தை மேலே கொண்டுவர, கை நடுங்கும் யாரையாவது நினைத்துப் பார்த்தவர் வேண்டும். இன்னொன்று, வெளிவராத தகவலை அதில் போட்டுவிடாதீர்கள். கையெழுத்துப் போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம் அதற்கும்தான்.

நான் ரொம்பக் கூச்ச சுபாவம். பேச்சு வராது. எனக்கு இது சரிவருமா?

என்னோடு சேர்ந்த இன்னொரு இன்டர்ன் நன்றாகப் பேசுவார். யாரையும் ஐந்து நிமிடத்தில் சிரிக்க வைத்துவிடுவார். நிருபர்களிடமும் அப்படியே பேசினார். அவர்கள் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள், எழுதவில்லை. இரண்டாவது மாதம் அவரும் என்னைப் போல ராத்திரி உட்கார்ந்து அந்த நிருபர்களின் பழைய கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தார். அப்புறம்தான் அவருக்கும் கவரேஜ் வந்தது. வேலையில் முக்கால்வாசி படிப்பதும் கேட்பதும் சரிபார்ப்பதும்தான். எதிர்முனையில் இருப்பவர் நம் போனுக்காகக் காத்து உட்கார்ந்திருக்கவில்லை, அவருக்கு வேறு வேலை இருக்கிறது என்பது கூச்சப்படுகிறவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். அது ஒரு வசதிதான். போன் பயம் மட்டும் இருபதாவது காலில் போய்விடும். எனக்கு இருபத்தைந்து ஆனது.

முடித்ததும் கையில் என்ன இருக்கும்?

சான்றிதழ் இருக்கும், அதை யாரும் கேட்க மாட்டார்கள். வெளிவந்த கட்டுரைகளின் கிளிப்பிங்கை அனுமதி கேட்டு எடுத்து வையுங்கள். அந்தச் சிவப்பு மை டிராஃப்ட்களையும் தூக்கிப் போடாதீர்கள்; கிளையன்ட் பெயரை மறைத்துவிட்டு முதல் டிராஃப்டையும் நான்காவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அதைப் போல ஒரு போர்ட்ஃபோலியோ கிடையாது.

அங்கேயே வேலை கொடுத்தார்களா?

உடனே இல்லை. படிப்பு முடியும்போது எழுதுங்கள் என்றார் மேலாளர். போன வாரம் எழுதினேன். ஒரு வரிதான் பதில் வந்தது: "சப்ஜெக்ட் லைன் 14 சொல் இருக்கு, சுருக்கி மறுபடி அனுப்புங்க." ஐந்து சொல்லாக்கி அனுப்பியிருக்கிறேன்.